இடம் பார்க்க வாருங்கள்

வில்லாபுரம் டீக்கடைச் சுவரில்
நோட்டீஸ் ஒட்டியபோது
ஒரு சொல்லை விட்டுவிட்டேன்.

'ஞாயிறு காலை ஆறு மணி.
சாமநத்தம் கண்மாய்க் கரை.
இடம் பார்க்க வாருங்கள். கட்டணம் இல்லை.'

விட்டது, பறவை.

வந்தவர்கள் ஐந்து பேர்.
இரவுப்பணி முடித்த கையோடு, சீருடை மேல் ஸ்வெட்டர் போட்ட
பெரியாஸ்பத்திரி நர்ஸ் நிர்மலாராணி.
பைனாகுலர் இருக்கிறது என்று போனில் பெருமையாகச் சொல்லிவிட்டு
அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த
சைக்கிள் கடை பீர்முகமது.
டியூஷனுக்குப் போவதாகக் கிளம்பிய ஒரு பையன்.
அப்புறம்
மனைவியோடு, அளவு டேப்போடு,
தூக்குவாளியில் பொங்கலோடு
சுந்தரமகாலிங்கம்.

"வேன் அனுப்புவீங்கன்னு நினைச்சோம் சார்.
சென்ட் என்ன விலை?"

நான் மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவன்.
வீடுவீடாக எண்களைத்தான் பார்த்திருக்கிறேன்,
நாய்களையும்.
ஒரு பங்குனியில் மீட்டர் பெட்டியைத் திறந்தால்
உள்ளே குண்டுக்கரிச்சான் முட்டை நாலு.
'கதவு பூட்டு' என்று எழுதிவிட்டு
ஓசைப்படாமல் மூடி வந்தேன்.
அன்றிலிருந்து இப்படி.
இதையெல்லாம் சென்ட் விலை கேட்கிறவரிடம்
எங்கிருந்து ஆரம்பிப்பது?

நான் வாயைத் திறக்குமுன்
கரைச்சரிவிலிருந்து ஆள்காட்டி கத்திவிட்டது,
ஆறு பேர், ஆறு பேர் என்று
கண்மாய் முழுக்க.

நாற்றத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன்.
ஊர்க் கழிவு கலக்கிற மூலையை
மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடந்தோம்.
அந்த மூலையில்தான் கூழைக்கடாக்கள்,
நாற்பதுக்குக் குறையாமல்.
தலைக்கு மேல் சக்கரத்தை நீட்டிக்கொண்டு
விமானம் இறங்கியது.
ஒன்றுகூட நிமிரவில்லை.
பிறகு அவற்றில் ஒன்று வந்து இறங்கியது,
அதே மாதிரி, காலை முன்னே நீட்டி,
தண்ணீரை நீளமாகக் கிழித்து.
பையன் கை தட்டினான்.
"பைலட் இன்னும் கத்துக்கணும்" என்றார் பீர்முகமது.

சுந்தரமகாலிங்கத்தின் மனைவி தனபாக்கியம்
அதுவரை பேசவே இல்லை.
ஆகாயத்தாமரை மேல்
நீண்ட விரல்களை எடுத்தெடுத்து வைத்து
இலைக்கோழி நடந்ததைப் பார்த்துத்தான் சொன்னார்:
"பாரமே இல்லாம ஒரு பிழைப்பு."
நிர்மலாராணி ஏனோ அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.
தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம்.

டேப் வீண் போகவில்லை.
சேற்றோரம் கிடந்த ஓர் இறகை
ஆளுக்கொரு முனை பிடித்து அளந்தார்கள்.
ஓரடி, மேலே இரண்டு அங்குலம்.
"இறகே இவ்வளவுன்னா..." என்று தொடங்கியவர்
வானத்தைப் பார்த்தபடியே
வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

மடைக்கல்லில் உட்கார்ந்து
பூவரச இலையில் பொங்கலைப் பங்கிட்டோம்.
மேற்கே பரங்குன்றத்தின் முதுகில்
வெயில் ஏறியிருந்தது.
வியாபாரத்துக்கு வந்தவர் கடைசியாக விசாரித்தார்:
"பட்டா யார் பேர்ல?"

"யார் பேர்லயும் இல்ல.
நீர்நிலை. விற்க முடியாது."

கொஞ்ச நேரம் யோசித்தார்.
முக்குளிப்பான் ஒன்று முங்கியது.
எங்கே எழும் என்று
நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்திருக்க,
அவர் கேட்டார்:
"அப்போ எப்ப வேணாலும் வந்து பாக்கலாம்?"

அடுத்த வாரம் நோட்டீஸைத் திருத்தினேன்.
'பறவை பார்க்க' என்று தெளிவாக எழுதினேன்.
இரண்டு பேர் வந்தார்கள்.

அதற்கடுத்த வாரம்
அவனியாபுரத்தில் ஒரு சந்துக்குள் ரீடிங் எடுக்கப் போனபோது
கரண்டு கம்பத்தில், என் கையெழுத்தல்லாத கையெழுத்தில்:
'இடம் பார்க்க வாருங்கள்.
கிழக்குப் பார்த்த தண்ணீர்.
வேன் வசதி கிடையாது.'